துவக்கு வாங்குவது எங்கே?

பானை வாங்கச் செல்பவர் அதனைத் தட்டிப் பார்க்கிறார். தேங்காய் வாங்குபவர் காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்க்கிறார். மாடு வாங்குபவர் அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்க்கிறார். வாங்குபவர் பொருளைச் சோதிப்பதே உலக வழக்கு. ஆயினும் ஒரு பொருளை வாங்கப் புறப்பட்டால், பொருளைச் சோதிப்பதற்கு முன்னர் வாங்குபவரையே சோதிக்கிறார்கள். காணி எவ்வளவு, அயலவரோடு வழக்குண்டா, பொலிஸ் பதிவில் பெயருண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பெண் கொடுப்பவர்கூட மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு விசாரிப்பதில்லை! அந்தப் பொருள்தான் துவக்கு.

சென்ற வாரம் இப்பகுதியில் தம்புள்ளைச் சந்தையின் பெருமையைச் சற்று விரிவாகவே எழுதியிருந்தோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும், அம்பேபுசையிலிருந்து திருகோணமலை செல்லும் பெருவீதியும் கூடும் இடம் தம்புள்ளை. 1999ஆம் ஆண்டில் இங்கே பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர் நாட்டின் மரக்கறி வியாபாரமே இவ்வூரை நோக்கித் திரும்பியது. இங்கே கிடைக்காத பொருள் இல்லை என்று நாம் எழுதியதைப் படித்த மாணவர் ஒருவர், “அப்படியாயின் துவக்குக் கிடைக்குமா? அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு துவக்குக் கடை உண்டாமே. நம் ஊரில் ஏன் இல்லை?” என்று கேட்டிருக்கிறார். கேள்வியிற் குறும்பு இருக்கிறது. ஆனால், பயிரைக் காட்டு விலங்கு தின்பதைப் பார்த்து உறங்காமல் விழித்திருக்கும் குடும்பங்கள் வாழும் இப்பகுதியில் அது வெறுங் குறும்பன்று.

சொல்லும் பழங்கதையும்

நாம் துவக்கு என்கிறோம். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்கின்றனர். சிங்களவர் துவக்குவ என்கின்றனர். இவை யாவும் துருக்கி மொழியின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை என்பர் அறிஞர். சொல் கடல் கடந்து வந்தது. தொழிலோ விரைவில் இம்மண்ணுக்கே உரியதாயிற்று. ஐரோப்பியத் துவக்குகளிலே தீப்பொறி எழுப்பும் விசை வலப்பக்கத்தில் இருக்க, கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் அதனை இடப்பக்கத்தில் அமைத்தார்கள். ஒல்லாந்தர் கொண்டுசென்ற பொருள்களுள் ஆறினை நெதர்லாந்து அரசு 2023ஆம் ஆண்டின் இறுதியிலே திருப்பித் தந்தது. அவற்றுள் லெவ்கே திசாவையின் பீரங்கியோடு பழைய துவக்குகள் இரண்டும் இருந்தன.

துவக்கு வைத்திருப்பதற்கு அரசாங்கத்திடம் காசு கட்டி அனுமதி பெறுவது என்ற கதையும் தம்புள்ளைக்குப் பழையதே. 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொறிங்டன் பிரபு சில புதிய வரிகளை விதித்தார். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, நாய்க்கு வரி, துவக்கு ஒன்றுக்கு இரண்டு சிலின் ஆறு பென்ஸ் வரி. இவற்றோடு, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும்; இயலாதவர் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என்றும் சட்டம் வந்தது. காட்டோரத்துக் குடியானவனுக்கு நாயும் துவக்கும் ஆடம்பரமல்ல. அவை அவனுடைய வேலியும் காவலும் ஆகும். அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளைக் கிளர்ச்சி மூண்டது. சில நாட்களில் அஃது அடக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றமே இதுபற்றி விசாரித்தது. 1850இல் டொறிங்டன் பதவி விட்டு ஊர் திரும்பினார். குடியானவனுடைய காவற் கருவியின்மேல் கை வைக்கும் அரசு, அவன் நிலையை அறிந்து கை வைக்கவேண்டும் என்பதை அக்கதை உணர்த்துகிறது.

பன்றிக்குத் தவணை உண்டா?

இன்றைய குடியானவன் துவக்குத் தேடுவதன் காரணம் யாது? சோளம் முற்றும் வேளையில் காட்டுப்பன்றி வருகிறது. நிலக்கடலையை மயில் கிளறுகிறது. தென்னங் குரும்பையைக் குரங்கும் மர அணிலும் வீழ்த்துகின்றன. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிடம் இலங்கையர் அனைவரும் தத்தம் காணியில் நின்று குரங்கையும் மயிலையும் அணிலையும் எண்ணியதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். சிலர் அதனைக் கேலி செய்தார்கள். சேனையில் பரண் கட்டி இராக்காவல் இருப்பவர் மட்டும் கேலி செய்யவில்லை.

கண்டலமைக் குளத்தின் பக்கமாகக் கமம் செய்யும் ஒருவர் எமக்கு நன்கு அறிமுகமானவர். பயிர்க் காவலுக்கு ஒரு துவக்குப் பெற விரும்பி அலுவலகம் ஒன்றுக்குப் பலமுறை நடந்தவர். ஒருநாள் ஒரு கடிதம் குறைவு. மற்றொருநாள் உரிய உத்தியோகத்தர் விடுமுறை. “அடுத்த மாதம் வாருங்கள் என்கிறார்கள். மாஸ்டர், பன்றிக்குத் தவணை கொடுக்க முடியுமா?” என்று அவர் எம்மிடம் கேட்டார். அதற்கு ஏற்ற மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை.

நேர்வழி

இந்நாட்டிலே துவக்கு வைத்திருப்பதனை ஆளும் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பயிர்க் காவலுக்கான வேட்டைத் துவக்கு வேண்டுபவர் மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பிக்கவேண்டும். எம் பகுதியினர்க்கு அது மாத்தளை. காணிக்குச் சான்று, கிராம அலுவலரின் கூற்று, பொலிஸாரின் அறிக்கை எல்லாம் சேரவேண்டும். அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். டிசெம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆயுள் முடிகிறது. தற்காப்புக்கென வழங்கப்படும் துவக்குகள் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. 2024 நவம்பரில் அவ்வமைச்சு தான் வழங்கிய தற்காப்புத் துவக்குகளையெல்லாம் மீளாய்வுக்காக வெலிசறைக் கடற்படை வளாகத்தில் ஒப்படைக்குமாறு பணித்தது. கொடுத்ததைக் கேட்டு வாங்கும் உரிமையும் அரசுக்கு உண்டு என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

இவ்வழியாக வரும் துவக்கில் என்ன சிறப்பு? கமக்காரர் பெரும்பாலும் கேட்பது பன்னிரண்டு போர் துவக்கு. அஃதென்ன பன்னிரண்டு? ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எக்குழலில் இறுக்கமாகப் பொருந்துமோ அக்குழல் பன்னிரண்டு போர். பதினாறாகப் பிரித்தால் உருண்டை சிறுக்கும். ஆகவே பதினாறு போர் துவக்கின் குழல் பன்னிரண்டைவிடச் சிறியது. எண் பெருகக் குழல் சிறுக்கும் இக்கணக்கை மாணவர்கள் நினைவில் வைக்கலாம்.

குழலின் அளவினும் முக்கியமானது அதன் உறுதி. இங்கிலாந்தின் பேமிங்ஹாம் நகரிலே 1813ஆம் ஆண்டு முதல் ஒரு சோதனைச் சாலை இயங்கி வருகிறது. குழலுக்குள் வழக்கத்தினும் மிகையான மருந்தை இட்டு வெடிக்கச் செய்வார்கள். வெடியாமலும் வீங்காமலும் தாங்கிய குழலுக்கே முத்திரை குத்துவார்கள். நல்ல துவக்கின் குழலைக் கழற்றிப் பார்த்தால் அத்தகைய முத்திரையையும் தொடரிலக்கத்தையும் காணலாம். அவ்விலக்கமே அனுமதிப்பத்திரத்திலும் இருக்கவேண்டும். வாங்குபவர் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறத்தில் நெளிவோ துருவோ உண்டா என்று பார்ப்பார். மடித்துப் பூட்டி ஆட்டம் உண்டா என்று பார்ப்பார். தோளில் வைத்துத் தம் கையளவுக்குக் கட்டை பொருந்துகிறதா என்று பார்ப்பார். பானையைத் தட்டிப் பார்த்த அதே விவேகம்தான் இது. விற்பவர் முகமும் பெயரும் தெரிந்த இடத்தில்தான் இச்சோதனைக்கு இடமுண்டு.

பக்கத்திலே இருக்கும் ‘கடை’

சட்டப்படி விற்கும் கடை தூரத்தில் இருக்கிறது. சட்டத்துக்கு மறைந்த ‘கடை’யோ சில வேளைகளில் மிக அருகில் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை; பற்றுச்சீட்டு இல்லை; விசாரணையும் இல்லை. இரும்புக் குழாயைக் குழலாக்கி, கிடைத்த மரத்தைக் கட்டையாக்கி, கல்கட்டாஸ் என்றும் இடியன் என்றும் பெயர் சூட்டிக் கொடுக்கிறார்கள். விலை குறைவு, வேலை உடனே முடியும். ஆனால் தண்ணீர் ஓடுவதற்காக வார்த்த குழாய் வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் என்று எந்தச் சோதனைச் சாலை முத்திரை குத்தியது? பிட்டம் பிளந்தால் அது சுடுபவருடைய கண்ணுக்கும் கைக்கும் அருகில்தான் பிளக்கும். “உன் துவக்குப் பழுது” என்று விற்றவரிடம் திரும்பிப் போகவும் முடியாது. போனால் இருவருமே சிறைக்குப் போகவேண்டும்.

அதனினும் கொடியது கட்டுத்துவக்கு. விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பியைக் கட்டி, அதனைத் துவக்கின் விசையோடு பிணைத்துவிட்டு, வைத்தவர் வீட்டில் உறங்குகிறார். கம்பிக்குக் கண் இல்லை. பன்றி இடறினாலும் வெடிக்கும். சிறுத்தை இடறினாலும் வெடிக்கும். விறகு பொறுக்கச் சென்ற தாய் இடறினாலும், மாட்டைத் தேடிச் சென்ற சிறுவன் இடறினாலும் வெடிக்கும். பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதருக்குக் காயம் பெரும்பாலும் காலிலேதான் என்று எம் நாட்டு வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். உயிர் தப்பினாலும் எலும்பு நொறுங்கிய காலோடு கமம் செய்வது எங்ஙனம்? தீனிக்குள் வெடிமருந்தை ஒளித்துவைக்கும் பன்றிவெடியின் கதையும் இத்தகையதே. அதனைக் கடித்த யானைக் கன்று வாய் கிழிந்து, உண்ணமுடியாமல், பல நாட்கள் துடித்து மடிகிறது. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இத்தீவிலே 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் ஒருவரால் ஒருவர் மாண்டனர். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் காக்கும் யானையின்மேல், அனுமதி பெற்ற துவக்கையும் குறிவைத்தல் ஆகாது என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டவேண்டும்.

பிற நாட்டார் வழக்கம்

மாணவர் வியந்த அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே துவக்குக் கடைகள் ஏராளம் என்பது உண்மை. அங்கும் “ஊர்க் கடையிலா, வெளியிலா?” என்ற விவாதம் ஓயாத விவாதம். ஊர்க் கடையில் விலை சற்று அதிகம் என்பர் சிலர். தோளளவு பார்த்துக் கொடுப்பதும், பழுதானால் திருத்துவதும், அனுபவமற்றவருக்கு அறிவுரை கூறுவதும் அங்கேதான் உண்டு என்பர் வேறு சிலர். ஒரு காலத்தில் தபால் மூலமே துவக்கு வாங்கலாம் என்றிருந்தது. 1963ஆம் ஆண்டு ஒருவர் பொய்ப் பெயரில் சிக்காகோ நகரக் கடையொன்றுக்கு எழுதி, 21 டொலர் 45 சதத்துக்குத் தொலைநோக்கி பொருத்திய துவக்கொன்றைத் தருவித்தார். அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்தது அத்துவக்கே. விற்ற கடைக்காரர் வாங்கியவருடைய முகத்தைக் கண்டதே இல்லை.

ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1968இல், அமெரிக்கா தன் சட்டத்தை மாற்றியது. வெளி மாநிலத்திலிருந்து துவக்கு நேரே வீட்டுக்கு வருதல் கூடாது. உள்ளூரிலே உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் வரவேண்டும் என்று விதித்தது. 1993இல் வாங்குபவருடைய பூர்வீகத்தை ஆராயும் சட்டமும் வந்தது. இன்று கணினி வழியே எங்கோ ஒரு கடையில் வாங்கினாலும், அப்பொருள் ஊர்க் கடைக்கே வந்து, அங்கே படிவம் நிரப்பி, ஆராய்ச்சி முடிந்த பின்னரே கைக்கு வருகிறது. ஆயினும் உரிமம் இல்லாத தனியாள் தன் மாநிலத்தவனுக்கு விற்கும்போது அவ்வாராய்ச்சியைத் தேசியச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. சில மாநிலங்களே கட்டாயமாக்கியுள்ளன. வேலியில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.

ஜப்பானியர் வழி நேர்மாறானது. வேட்டைத் துவக்கு வேண்டுபவர் வகுப்புக்குச் செல்லவேண்டும். எழுத்துப் பரீட்சையிலும் சுடும் பரீட்சையிலும் தேறவேண்டும். வைத்தியர் சான்று பெறவேண்டும். துவக்கு வீட்டுக்கு வந்த பின்னரும் பொலிஸார் ஆண்டுதோறும் அதனைப் பரிசோதிக்கின்றனர். அவுஸ்திரேலியாவில் 1996ஆம் ஆண்டு போட் ஆதர் என்னுமிடத்தில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அரசு விலை கொடுத்துச் சுமார் 650,000 துவக்குகளை மக்களிடமிருந்து வாங்கி அழித்தது. அண்டை நாடான இந்தியாவில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாதவருக்குக் கடைக்காரர் விற்க இயலாது. 1966இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்ற அரசாங்கத் தொழிற்சாலையின் துவக்கை வாங்குவதற்கும் உரிமம் வேண்டும். வழிகள் பலவாயினும் அனுபவம் ஒன்றே: விற்பவருக்கு வாங்குபவர் இன்னாரென்று தெரிந்திருக்கவேண்டும்.

துவக்குள்ள வீடு

துவக்கு வீட்டுக்கு வந்தபின் அதனைத் தேடிக்கொண்டு வேறு சிலரும் வரக்கூடும். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் கிளர்ச்சியின்போதும், 1987 முதல் 1989 வரையான கொடிய நாட்களிலும், கிராமத்து வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைக் கிளர்ச்சிக்காரர் இரவிலே கதவைத் தட்டிப் பறித்துச் சென்றனர். பன்றிக்கென வாங்கிய துவக்கு மனிதரைச் சுட்டது. அக்காலத்தை அறிந்த முதியோர் எம் பகுதியில் இன்னும் இருக்கின்றனர். விண்ணப்பகாரர் துவக்கை எங்கே, எப்படி வைத்திருப்பார் என்று அதிகாரி கேட்பது வீண் தொந்தரவன்று.

ஆகவே, விசாரணை வேண்டும் என்பதே எமது முடிவு. அதே வேளையில், விசாரணை என்பது வேறு, அலைக்கழிப்பு என்பது வேறு. பத்து நாளில் முடியக்கூடிய விசாரணையைப் பத்து மாதம் இழுத்தால், நேர்வழியில் நின்ற மனிதனை இரும்புக் குழாய்க் கொல்லனிடம் அனுப்பியவர்களாவோம். தேவையான கடிதங்களின் பட்டியலை மூன்று மொழியிலும் கிராம அலுவலரின் சுவரில் ஒட்டிவைக்கலாம். மாதத்தில் ஒருநாள் உத்தியோகத்தர்கள் தம்புள்ளைக்கே வந்து விண்ணப்பங்களைப் பார்க்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டாம். பெருஞ் செலவும் வேண்டாம். 1848இன் பாடம் படித்த நாட்டுக்கு இது கடினமான காரியமுமன்று.

கமக்காரக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. துவக்கு ஒன்றுதான் காவல் என்று எண்ணவேண்டாம். அயற் காணிக்காரர் சேர்ந்து முறைவைத்துக் காவல் இருத்தலும், ஊர் கூடிப் பராமரிக்கும் மின்வேலியும் பல இடங்களில் துவக்கினும் நன்றாகப் பயிரைக் காத்திருக்கின்றன. துவக்கே வேண்டுமென்றால், தூரமானாலும் நேர்வழியில் வாங்குங்கள். தோட்டாவை ஓரிடத்திலும் துவக்கை வேறோரிடத்திலும் பூட்டி, இரு திறப்புகளையும் பிள்ளைகள் அறியாத இடத்தில் வையுங்கள். டிசெம்பர் 31ஐ நாட்காட்டியில் சிவப்பு மையாற் குறித்துவையுங்கள். உங்கள் காணிக்கு அப்பாலுள்ள தடத்திலே யாரேனும் கம்பி கட்டியிருப்பது தெரிந்தால், அவர் உறவினரேயாயினும் வாய் மூடியிருக்கவேண்டாம். நாளைக் காலை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அத்தடத்தாலேதான் போகவேண்டியிருக்கிறது.